ஸ்பானிய மொழியிற் களைப்பு: சொல்லும் இலக்கணமும் சமுதாயமும்

களைப்பு மனித உடலின் பொது அனுபவமாகும். உழைக்கும் உடல் எதுவாயினும் அது களைக்கும். களைத்தபின் ஓய்வை நாடும். ஆயின் இவ்வனுபவத்தைச் சொல்லாக்கும் முறை மொழிக்கு மொழி வேறுபடுகின்றது. நாம் 'எனக்குக் களைப்பாக இருக்கிறது' என்று கூறும்போது, களைப்புறுபவர் வாக்கியத்தின் எழுவாயாக அமைவதில்லை. நான்காம் வேற்றுமை ஏற்று, களைப்பு வந்து சேரும் இடமாக நிற்கின்றார். 'களைத்துவிட்டேன்' என்று கூறும்போதோ அவரே எழுவாயாகின்றார். இவ்விரு வாக்கியங்களும் ஒரே உடல்நிலையைக் குறிப்பினும், அந்நிலைக்கும் மனிதனுக்கும் உள்ள உறவை இருவேறு வகையிற் காட்டுகின்றன. களைப்பைக் கூறும் சொற்களையும் வாக்கியங்களையும் ஆராய்வது, ஒரு மக்கட் கூட்டத்தினர் தம் உழைப்பை எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்பதை ஆராய்வதற்கு ஒரு வாயிலாகும்.

இந்நோக்கிலே ஸ்பானிய மொழியை இங்கு எடுத்துக்கொள்கின்றோம். ஐபீரியக் குடாநாட்டிற் பிறந்த இம்மொழி இன்று 20 நாடுகளில் அரச மொழியாக விளங்குகின்றது. நிலவுடைமையாளரின் வயல்களிலும், குடியேற்ற ஆட்சியின் சுரங்கங்களிலும், நவீன கைத்தொழிற் சாலைகளிலும் உழைத்த மக்கள் இதனைப் பேசியுள்ளனர். அவ்வுழைப்பின் சுவடுகள் இம்மொழியின் சொற்றொகுதியிற் படிந்திருத்தல் இயல்பே. இச்சுவடுகள் சிலவற்றை விளக்குவதும், களைப்பைக் கூறும் ஒரு வாக்கியம் எவ்வாறு சமுதாய எதிர்ப்பின் குரலாக மாறக்கூடும் என்பதை எடுத்துக்காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

1. ஒரு பெயரடையும் இரண்டு வினைகளும்

களைப்பைக் குறிக்கும் பொதுவான ஸ்பானியச் சொல் 'கன்ஸாதோ' என்பதாகும். இது 'கன்ஸார்' (களைப்பூட்டு) என்னும் வினையின் இறந்தகால எச்சமாகப் பிறந்து, பெயரடையாக வழங்குவது. பேசுபவர் ஆணாயின் 'கன்ஸாதோ', பெண்ணாயின் 'கன்ஸாதா', பலராயின் 'கன்ஸாதோஸ்' அல்லது 'கன்ஸாதாஸ்' என இது பாலும் எண்ணும் காட்டி நிற்கும். ஒன்பது பெண்களும் ஓர் ஆணும் சேர்ந்த குழு தன் களைப்பைக் கூறுமாயின், மரபிலக்கணம் ஆண்பாற் பன்மையையே வேண்டும் என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இப்பெயரடையோடு சேரும் வினையே முதன்மையாக நோக்கற்பாலது. தமிழில் 'இரு' என்றும் 'ஆகு' என்றும் நாம் வழங்குவனவற்றை ஒருவாறு ஒத்து, ஸ்பானிய மொழியில் 'எஸ்தார்', 'ஸெர்' என்னும் இரு வினைகள் உள. 'எஸ்தார்' என்பது நிற்றலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. ஒருவர் அல்லது ஒரு பொருள் இருக்கும் இடத்தையும் நிலையையும் அது கூறும். 'ஸெர்' என்பதன் வடிவங்கள், இருத்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையும் அமர்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையும் ஒன்றுகலந்ததால் அமைந்தவை. ஒருவர் அல்லது ஒரு பொருள் இன்னது என்று வரையறுப்பது அதன் தொழிலாகும்.

'எஸ்தோய் கன்ஸாதோ' என்றால் 'நான் களைத்திருக்கிறேன்' என்பது பொருள். அதே பெயரடையை 'ஸெர்' வினையோடு சேர்த்தால் பொருள் முற்றாக மாறிவிடும். ஒரு பயணம் 'எஸ் கன்ஸாதோ' என்றால் அப்பயணம் களைப்பூட்டுவது என்பது கருத்து. ஒரு மனிதரைப்பற்றி அவ்வாறு கூறினால் அவர் பிறரைச் சலிப்படையச் செய்பவர் என்று பொருள்படும். ஸ்பானிய மொழியைப் புதிதாகக் கற்போர் தம் களைப்பைக் கூற எண்ணி 'ஸோய் கன்ஸாதோ' என்று சொல்லிவிடுவதுண்டு. அவர் தம்மைச் சலிப்பூட்டும் பேர்வழி என்று அறிமுகஞ் செய்துகொள்கிறார் என்றே கேட்போர் விளங்கிக்கொள்வர்.

இவ்வேறுபாட்டை வெறும் இலக்கண நுணுக்கமாகக் கருதி நாம் கடந்துசெல்லுதல் பொருந்தாது. களைக்கச் செய்யும் வேலையையும் களைத்துப்போன தொழிலாளியையும் ஒரே சொல் குறிக்கின்றது. எது காரணம், எது விளைவு என்பதை வினையே பிரித்துக்காட்டுகின்றது. வேலையின் இயல்பு களைப்பூட்டுதல். மனிதனின் இயல்பு அதுவன்று, அவனுக்கு அது நேர்ந்த நிலை. களைப்பை மனிதனின் குணமாகக் கூறுவதற்கு இம்மொழியின் இலக்கணம் எளிதில் இடந்தருவதில்லை. உழைப்பாளிகளைச் 'சோம்பேறி இனத்தவர்' என்று தூற்றிய குடியேற்றவாதிகள் பலர் இம்மொழியையே பேசினர் என்பது வரலாற்றின் முரண்.

நித்திரைக் களைப்பை இம்மொழி வேறு வகையிற் கூறுகின்றது. 'தெங்கோ சுவேஞ்ஞோ' என்பதன் சொற்பொருள் 'நான் நித்திரையை உடையேன்' என்பதாகும். பசி, தாகம், குளிர், அச்சம் ஆகியவற்றையும் இவ்வாறே உடைமைப் பொருள்களாகக் கூறுவது வழக்கம். நித்திரையைக் குறித்த இலத்தீன் சொல்லும் கனவைக் குறித்த இலத்தீன் சொல்லும் ஒலிமாற்றங்களின் விளைவாக ஒரே வடிவத்தை அடைந்தமையால், 'சுவேஞ்ஞோ' என்பது இன்று நித்திரை, கனவு என்னும் இரண்டையும் குறிக்கின்றது. நித்திரைக்கு ஏங்குபவரையும் கனவொன்றை நெஞ்சிற் சுமப்பவரையும் ஒரு வினைமுற்றின் துணையால் மட்டும் பிரித்தறிய முடியாது. 'ஒரு' என்னும் பொருள்தரும் சிறு சொல் முன்வரும்போதே கனவு என்னும் பொருள் தெளிவுறும்.

2. சொற்களின் பிறப்பு

'கன்ஸார்' என்னும் வினையின் மூலம் கடலோடு தொடர்புடையது. வளைத்தல், திரும்புதல் என்னும் பொருளுடைய கிரேக்க வினையொன்று இலத்தீனுக்குச் சென்று, கப்பலோட்டிகளின் வழக்கில் முனையொன்றைச் சுற்றித் திரும்புதலைக் குறித்தது. அதுவே பின்னர் ஸ்பானிய மொழியிற் களைப்பின் பெயராயிற்று. எடுத்த வழியை விட்டு விலகுதல், மேற்கொண்டு நேராகச் செல்ல இயலாது வளைதல் என்னும் கருத்துகளின் வழியே இம்மாற்றம் நிகழ்ந்திருத்தல் வேண்டும்.

மனிதரோடு நில்லாது இச்சொல் பிற பொருள்களுக்கும் விரிந்துள்ளது. இடைவிடாது பயிரிட்டதால் வளமிழந்த நிலத்தைக் 'களைத்த நிலம்' என்பர். நடுவயதின் பின் அண்மைப் பொருள்கள் தெளிவாகத் தெரியாத கண்குறைபாட்டுக்குக் 'களைத்த பார்வை' என்பதே வழக்குப் பெயர். ஓய்வெடுத்தலைக் குறிக்கும் 'தெஸ்கன்ஸார்' என்னும் வினை, களைத்தலுக்கு எதிர்மறை முன்னொட்டுச் சேர்ந்து அமைந்தது. அதாவது ஓய்வு என்பது களைப்பை நீக்குதலாகவே பெயர்பெற்றுள்ளது. இறந்தோர் அமைதியில் உறங்குக என்று வாழ்த்தும் தொடரிலும் இவ்வினையே வருகின்றது. 'இன்கன்ஸாப்லே', அதாவது களைப்பறியாதவர் என்பது, மறைந்த தொழிற்சங்கவாதிகளையும் போராளிகளையும் போற்றும் அஞ்சலிக் குறிப்புகளில் தேய்ந்துபோகுமளவுக்குப் பயிலும் அடைமொழியாகும்.

'அகொதாதோ' என்பது முற்றாகச் சக்தியிழந்த நிலையைச் சுட்டும். துளி என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லடியாகப் பிறந்த இது, கடைசித் துளிவரை வடிந்துபோன பாத்திரத்தை நினைவூட்டுகின்றது. பிரதிகள் யாவும் விற்றுத் தீர்ந்த நூலுக்கும் புத்தகக் கடைகளில் இச்சொல்லையே வழங்குவர். இவை எல்லாவற்றிலும் குறிப்பிடத்தக்கது, உழைப்பைக் குறிக்கும் 'த்ரபாஹோ' என்னும் சொல்லின் வரலாறாகும். மூன்று முளைகளாலான, ஆளைக் கட்டிவைத்து வதைக்கும் கருவியொன்றின் இலத்தீன் பெயரிலிருந்து இது தோன்றியதென்பது மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்றுள்ள கருத்து. 'த்ரபாஹோ' என்பதன் பன்மை இன்றும் சில வழக்குகளில் துன்பங்களைக் குறிக்கின்றது. உழைப்பு வதையாகவே தொடங்கிய ஒரு சமுதாயத்தில், களைப்பைக் கூறும் சொற்கள் பெருகியமை வியப்பன்று.

3. உவமைகளும் உற்பத்தி முறையும்

அன்றாடப் பேச்சிலே மக்கள் 'கன்ஸாதோ' என்பதோடு அமைந்துவிடுவதில்லை. கடும் களைப்பைக் கூற அவர்கள் எடுத்தாளும் உருவகங்களை வரிசைப்படுத்தி நோக்கினால், உற்பத்தி முறைகளின் வரலாறு ஒன்று அங்கே தென்படுகின்றது.

'மொலீதோ' என்றால் அரைபட்டவன். இது தானியம் அரைக்கும் ஆலையிலிருந்து பிறந்தது. 'எச்சோ பொல்வோ' என்றால் தூளாக்கப்பட்டவன். 'ரெந்தீதோ' என்றால் சரணடைந்தவன். முற்றுகைக்கு ஆற்றாது கோட்டையை ஒப்படைத்த படையின் நிலை உழைத்து ஓய்ந்தவனுக்கு உவமையாகின்றது. 'ரெவெந்தாதோ' என்றால் வெடித்துப்போனவன். அளவிறந்து ஓட்டிக் குதிரையைச் சாகடித்தலையும் இவ்வினை குறிப்பதால், ஏறியிருந்து ஓட்டுபவன் ஒருவன் இவ்வுருவகத்தினுள் மறைந்திருக்கின்றான் எனலாம். ஸ்பெயின் நாட்டில் வழங்கும் 'பாரா எல் அர்ராஸ்த்ரே' என்னும் தொடர் எருதுப் போரிலிருந்து வந்தது. களத்திற் கொல்லப்பட்ட எருதைக் கோவேறு கழுதைகள் இழுத்துச்செல்லும் நிகழ்ச்சியே 'அர்ராஸ்த்ரே'. 'நான் இழுத்துச்செல்லப்படும் நிலையில் இருக்கிறேன்' என்று கூறுபவர், கூட்டத்தினரின் களிப்புக்காகப் போரிட்டு மடிந்த விலங்கோடு தம்மை ஒப்பிடுகின்றார்.

நகரமும் இயந்திரமும் வளர்ந்த பின்னர் உருவகங்களும் மாறின. ஆர்ஜென்டீனாவிலும் உருகுவேயிலும் களைத்தவர் 'எஸ்தோய் ஃபுந்தீதோ' என்பர். சூடேறி இறுகிப் பழுதடைந்த இயந்திரத்துக்கு அங்கு இச்சொல் வழங்கும். வங்குரோத்தடைந்த வணிகத்துக்கும் அதுவே பெயர். ஆலையும் குதிரையும் எருதும் இருந்த இடத்தில் இயந்திரமும் மூலதனமும் வந்துவிட்டன. உடலைப் பற்றிய கற்பனை உற்பத்திக் கருவிகளைத் தொடர்ந்து செல்கின்றது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இவற்றினின்றும் வேறுபட்டது 'நோ புவெதோ கொன் மீ அல்மா' என்னும் தொடர். 'என் உயிரை என்னாற் சுமக்க முடியவில்லை' என்று இதனைத் தமிழாக்கலாம். பிறர் சுமத்திய மூட்டைகளை இறக்கிவைத்த பின்னரும், தன் உயிரே ஒரு பாரமாக எஞ்சியிருப்பதாக இது கூறுகின்றது. சமய மொழி உயிரை உடலினும் உயர்ந்ததாகப் போற்றியது. பொதுமக்கள் வழக்கோ அதனைத் தூக்கிச் சுமக்கவேண்டிய ஒரு சுமையாக மாற்றிக்கொண்டது.

பிரதேச வேறுபாடுகளும் இத்துறையிற் பெரியன. 'மமாதோ' என்னும் கொச்சைச் சொல் கொலம்பியாவிற் களைத்துச் சலித்தவனைக் குறிக்கும். ஆர்ஜென்டீனாவில் மதுவெறியனைக் குறிக்கும். மெக்சிக்கோவிலோ தசைவலிமை மிக்கவனைக் குறிக்கும். ஒரே மொழியைப் பேசுவோரும் களைப்பைக் கூறும்போது தம் ஊருக்குத் திரும்பிவிடுகின்றனர்.

அந்தீஸ் மலைப் பகுதியில் நிலைமை மேலும் சிக்கலானது. பொத்தொசி மலையில் 1545 ஆம் ஆண்டு வெள்ளி கண்டறியப்பட்டது. 1570 களில் அரசப் பிரதிநிதி பிரான்சிஸ்கோ தெ தொலேதோ, 'மித்தா' என்னும் கட்டாய உழைப்பு முறையை அங்குள்ள சுரங்கங்களுக்கென ஒழுங்கமைத்தார். கெச்சுவா மொழியில் 'முறை' என்று பொருள்படும் இச்சொல், இன்காக்களின் ஆட்சியில் வழங்கிய முறைவேலையின் பெயராகும். குடியேற்ற ஆட்சி அப்பெயரை வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மாற்றிற்று. சுரங்கத்தினுள் இறங்கியோர் பசியையும் களைப்பையும் தாங்குவதற்குக் கொக்கா இலையை மென்றனர். பொலிவியாவின் சுரங்கத் தொழிலாளர் இன்றும் மெல்லுகின்றனர். மலையுயரத்தில் மூச்சுத் திணறித் தலைசுற்றும் நோயைக் குறிக்கும் 'சொரோச்சே' என்னும் கெச்சுவாச் சொல் ஸ்பானிய மொழியில் ஏற்கப்பட்டுவிட்டது. சுரங்கத்திற் களைத்தவர்கள் தம் களைப்பைத் தம் தாய்மொழியிலேயே முறையிட்டிருப்பர்; ஸ்பானிய ஆவணங்களில் இடம்பெற்றவையோ பெரும்பாலும் அவர்கள் வெட்டியெடுத்த வெள்ளியின் கணக்குகளாகும்.

4. உழைப்பு நாளும் ஓய்வும்

ஸ்பானிய மக்களைப்பற்றி அயலார் கூறும் ஏளனங்களுள் முதன்மையானது 'சியெஸ்தா' எனப்படும் பகல் உறக்கம் பற்றியதாகும். இச்சொல் 'ஆறாம் மணி' என்னும் இலத்தீன் தொடரின் வழிவந்தது. உரோமர் சூரிய உதயத்திலிருந்து மணியை எண்ணினராதலால், ஆறாம் மணி என்பது நண்பகல். விடியுமுன் வயலுக்குச் சென்றவர்கள் கோடை வெயிலின் உச்சத்தில் ஓய்ந்து, வெயில் தணிந்தபின் மீண்டும் உழைத்தனர். நீண்ட உழைப்பு நாளின் நடுவில் அமைந்த இடைவேளையைச் சோம்பலின் சின்னமாகக் காட்டுவது, அந்நாளின் இரு முனைகளையும் மறைத்துவிடுவதாகும்.

'ஹோர்னாதா' என்னும் சொல் ஒருநாள் உழைப்பையும் ஒருநாள் நடைப்பயணத்தையும் குறிக்கும். நாட்கூலிக்கு உழைப்பவன் 'ஹோர்னலேரோ'. அந்தலூசியாவின் பெருநிலங்களில் சொந்த நிலமற்ற ஹோர்னலேரோக்களின் வாழ்வே ஸ்பெயினின் நிலப்பிரச்சினையாக வளர்ந்தது. இந்த 'ஹோர்னாதா'வுக்கு எல்லை வகுத்தல் தொழிலாளர் இயக்கத்தின் தலையாய கோரிக்கையாயிற்று. மெக்சிக்கோவின் 1917 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 123 ஆம் உறுப்புரை பகல் வேலையை 8 மணித்தியாலமாகவும் இரவு வேலையை 7 மணித்தியாலமாகவும் மட்டுப்படுத்தியது. ஸ்பெயினில் 1919 பெப்ரவரியில், பார்சலோனாவின் 'லா கனதியென்ஸே' எனப்பட்ட மின்சாரக் கம்பனியில் அலுவலக ஊழியர் சிலர் வேலைநீக்கப்பட்டதை எதிர்த்துத் தொடங்கிய வேலைநிறுத்தம் 44 நாள்கள் நீடித்து, நகரின் கைத்தொழிலைப் பெரிதும் முடக்கிற்று. 1919 ஏப்ரல் 3 ஆம் நாள் 8 மணித்தியால வேலைநாளை ஏற்கும் ஆணையை அரசு வெளியிட்டது. தனித்தனி உடல்களிற் கிடந்த களைப்பு, கூட்டுக் கோரிக்கையாகி ஒரு சட்டத்தின் வடிவத்தைப் பெற்றது என்று இதனை நாம் விளங்கிக்கொள்ளலாம்.

5. களைப்பிலிருந்து மறுப்புக்கு

'கன்ஸார்' வினை தற்சுட்டுப் பெயரோடு சேரும்போது 'கன்ஸார்ஸே' என்றாகும். 'மே கன்ஸோ' என்றால் 'நான் களைக்கிறேன்'. இதன்பின் 'தெ' என்னும் இடைச்சொல்லையும் ஒரு பெயரையோ வினையையோ சேர்த்துவிட்டால் பொருள் உடலைவிட்டு வெளியேறுகின்றது. காத்திருப்பதிற் களைத்தேன் என்றால் இனிக் காத்திருக்கமாட்டேன் என்பது குறிப்பு. அதாவது களைப்பைக் கூறும் வாக்கியம் சலிப்பையும், சலிப்பின் வழியாக மறுப்பையும் தெரிவிக்கத் தொடங்குகின்றது. 'ஆர்த்தோ' என்னும் சொல்லும் இத்தகையதே. திணித்து நிரப்பப்பட்டது என்பது அதன் மூலப் பொருள். இன்று பொறுமையின் எல்லையைக் கடந்தவரைக் குறிக்கும். 'உச்சந்தலைவரை வந்துவிட்டது' என்று ஸ்பெயினிலும், 'தாய்வரை வந்துவிட்டது' என்று கொச்சையாக மெக்சிக்கோவிலும் கூறுவர். மெக்சிக்கோக் கவிஞர் ஹவியேர் சிசீலியா, 2011 ஆம் ஆண்டு தம் மகன் கொலையுண்டதையடுத்து அரசியல்வாதிகளுக்கும் குற்றக் கும்பல்களுக்கும் எழுதிய பகிரங்கக் கடிதத்தில் இத்தொடரையே பன்மையிற் கையாண்டார். அது வன்முறைக்கெதிரான மக்கள் பேரணிகளின் முழக்கமாயிற்று. 1994 ஜனவரி 1 ஆம் நாள் சியாபாஸ் மாநிலத்திற் கிளர்ந்தெழுந்த சப்பாத்தியர்களின் முழக்கமும் 'யா பாஸ்தா', அதாவது 'போதும் இனி' என்பதே.

இங்கு வரும் 'யா' என்னும் சிறு சொல் ஊன்றி நோக்கற்பாலது. நேற்றுவரை இல்லாத நிலை இன்று வந்துவிட்டது, ஓர் எல்லை கடக்கப்பட்டுவிட்டது என்பதை அது உணர்த்தும். இச்சொல்லின் ஆற்றலை 2014 ஆம் ஆண்டு மெக்சிக்கோ நிகழ்ச்சியொன்று புலப்படுத்திற்று. அவ்வாண்டு செப்டெம்பர் 26 ஆம் நாள் இரவு, கெரெரோ மாநிலத்தின் இகுவாலா நகரில், அயோட்சினாப்பா கிராமிய ஆசிரியர் கலாசாலையின் மாணவர் 43 பேர் காணாமலாக்கப்பட்டனர். வறிய விவசாயக் குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். நவம்பர் 7 ஆம் நாள் சட்டமா அதிபர் ஹெசூஸ் முரில்யோ காராம், மாணவர் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டனர் என்னும் அரசின் விளக்கத்தைப் பத்திரிகையாளர் முன் வைத்தார். கேள்விகள் தொடர்ந்தபோது 'யா மே கன்ஸே' என்று கூறி அக்கூட்டத்தை முடிக்க முற்பட்டார். 'நான் களைத்துப்போனேன்' என்பது அதன் பொருள்.

இலக்கண நோக்கில் அவ்வாக்கியத்திற் குறையேதுமில்லை. ஆயின் எதிற் களைத்தார் என்பதை அவர் கூறவில்லை. மக்கள் அவ்வெற்றிடத்தை நிரப்பினர். அன்றிரவே அத்தொடர் சமூக ஊடகங்களிற் பரவிற்று. சில நாள்களில் அது பதாகைகளிலும் சுவர்களிலும் எழுதப்பட்டது. 'அச்சத்திற் களைத்துப்போனேன்' என்று 'தெ' இடைச்சொல்லைச் சேர்த்து மக்கள் அவ்வாக்கியத்தைத் தமதாக்கிக்கொண்டனர். ஆளுவோனின் வாயிற் கேள்விகளைத் தவிர்க்கும் வழியாக அமைந்த அதே சொற்கள், ஆளப்படுவோரின் வாயிற் கேள்வியாக மாறின. மாணவர் எரிக்கப்பட்டதாகக் கூறிய அரச விளக்கத்தைச் சர்வதேச நிபுணர் குழு 2015 செப்டெம்பரில் நிராகரித்தது. அவ்விளக்கத்தை முன்வைத்த சட்டமா அதிபர் 2022 ஓகஸ்டிற் கைதுசெய்யப்பட்டார். மாணவர்களின் பெற்றோர் தேடுதலைக் கைவிடவில்லை. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் வீதியில் நிற்பதைக் கண்டுள்ள இந்நாட்டு வாசகருக்கு, அவர்களுடைய களைப்பு எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

6. எவருடைய களைப்பு?

களைப்பு எல்லோர்க்கும் பொதுவாயினும், அதைக் கூறும் உரிமையும் கேட்கப்படும் வாய்ப்பும் சமமாகப் பகிரப்படவில்லை. தொழிற்சாலையில் ஒரு ஹோர்னாதாவையும் வீட்டில் இன்னொரு ஹோர்னாதாவையும் நிறைவேற்றும் பெண்களின் நிலையை 'இரட்டை ஹோர்னாதா' என ஸ்பானிய மொழிப் பெண்ணியவாதிகள் பெயரிட்டனர். 2018 மார்ச் 8 ஆம் நாள் ஸ்பெயினில் நடைபெற்ற பெண்களின் வேலைநிறுத்தம், கூலி வேலையோடு வீட்டு வேலையையும் பராமரிப்பு வேலையையும் நிறுத்துமாறு அழைத்தது. பெயரிடப்படாத களைப்புக்குப் பெயரிடுதல் அதன் சாதனைகளுள் ஒன்று.

இலக்கியத்திலும் இவ்வினா எழுகின்றது. பாப்லோ நெரூடாவின் 'வாக்கிங் அரவுண்ட்' என்னும் கவிதை, மனிதனாய் இருப்பதிலேயே சலித்துப்போன நகரவாசியொருவனைக் காட்டுவது. 'கன்ஸார்ஸே தெ' என்னும் அமைப்பின் இலக்கியப் பயன்பாட்டுக்கு அதனைவிடப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு அரிது. அக்கவிதை அடங்கிய 'பூமியில் வதிவு' என்னும் தொகுதியின் முற்பகுதிக் கவிதைகள் சில, அவர் சிலி நாட்டின் கொன்சலாகக் கொழும்பில் வாழ்ந்த 1929, 1930 ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. அதே நெரூடா, அவர் மறைந்தபின் 1974 இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில், வெள்ளவத்தை வீட்டின் மலவாளியை நாள்தோறும் அகற்றிய தமிழ்ப் பெண்ணொருத்தியைத் தாம் வலிந்து புணர்ந்ததை எழுதியுள்ளார். சாதியின் அடித்தட்டிற் பிறந்த அப்பெண் அக்குறிப்புகளில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. பெயரும் அவளுக்கு இல்லை. 2018 இல் சந்தியாகோ விமான நிலையத்துக்கு நெரூடாவின் பெயரைச் சூட்டும் முன்மொழிவு வந்தபோது சிலியின் பெண்கள் அமைப்புகள் இதனைச் சுட்டியே எதிர்த்தன. இந்நிகழ்ச்சியை அசோக்க ஹந்தகம 2021 இல் 'அல்போராதா' என்னும் திரைப்படமாக்கினார்.

நெரூடாவின் கவிதை ஆற்றலை மறுப்பது நமது கருத்தன்று. மனிதகுலத்தின் களைப்பைப் பாடிய ஒருவரின் வீட்டு முற்றத்திலேயே, பாடப்படாத களைப்பொன்று நாள்தோறும் வந்துபோயிற்று என்பதை இலக்கிய வரலாறு கணக்கில் எடுத்தல் வேண்டும். ஒரு மொழியில் எத்துணைச் செழுமையான சொற்கள் இருந்தபோதிலும், பேசும் வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களுக்கு அச்செழுமை பயன்படுவதில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றாற் சில முடிபுகள் பெறப்படும். ஸ்பானிய மொழியின் இலக்கணம் களைப்பை மனிதனுக்கு நேர்ந்த நிலையாகவும், களைப்பூட்டுதலை வேலையின் இயல்பாகவும் பிரித்து வைத்துள்ளது. அதன் உருவகங்கள் ஆலை, படை, எருதுக் களம், இயந்திரம் என உழைப்பின் களங்களைப் பின்தொடர்ந்துள்ளன. 'தெ' என்னும் இடைச்சொல் களைப்புக்குக் காரணத்தைக் கேட்கின்றது. காரணம் கூறப்பட்டதும் களைப்பு மறுப்பாக வளர்கின்றது. பார்சலோனாவின் தொழிலாளரும் அயோட்சினாப்பாவின் பெற்றோரும் அக்காரணத்தை உரக்கக் கூறியவர்கள். மொழியாராய்ச்சியில் ஈடுபடுவோர் சொற்களின் பட்டியலோடு நின்றுவிடாது, அச்சொற்களை எவர் கூறினார், எவர் கேட்டார், எவர் கூற இயலாது போயினர் என்பவற்றையும் ஆராய்தல் வேண்டும். நமது மலையகத் தோட்டங்களிலும் வயல்களிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வழங்கும் களைப்பின் சொற்களைத் தொகுத்து இவ்வாறு ஆராய்வது, தமிழ் மொழியியலை முன்னெடுப்போர் மேற்கொள்ளவேண்டிய பணியாகும்.